விண்கலத்தில் சிலுவை: அறிவியல் புனைவுப் படங்களில் கிறிஸ்தவக் குறியீடுகளும் அவற்றைப் பற்றிய வாதங்களும்

எந்திரங்களையும் வேற்றுக்கோள்களையும் வரப்போகும் நூற்றாண்டுகளையும் பற்றிப் பேசும் திரைப்படம், ஈராயிரம் ஆண்டுப் பழமையான ஒரு சமயக் கதையை ஏன் திரும்பத் திரும்ப நாடுகிறது? 1927-இல் வெளியான ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபாலிஸ்’ காலத்திலிருந்தே இந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது. அந்தப் படத்தில் நிலத்தடித் தொழிலாளர்களுக்கு ஆறுதல் சொல்லும் பெண்ணின் பெயர் மரியா. அவள் அவர்களுக்குச் சொல்லும் கதை பாபேல் கோபுரத்தின் கதை. ஆலையின் பெரிய இயந்திரம், ஒரு காட்சியில், மனிதப் பலி கேட்கும் மோளேகு தெய்வமாக வாய் பிளக்கிறது. மரியாவின் சாயலில் செய்யப்பட்ட எந்திரப் பெண்ணோ பைபிளின் கடைசி நூல் வருணிக்கும் பாபிலோன் வேசியாக ஆடுகிறாள்.

அதற்குப் பிறகு வந்த படங்கள் இந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. ‘தி டே தி எர்த் ஸ்டூட் ஸ்டில்’ (1951) படத்தில் விண்ணிலிருந்து வருகிறவன் பூமியில் வைத்துக்கொள்ளும் பெயர் கார்ப்பென்டர், அதாவது தச்சர்; அவன் கொல்லப்பட்டு மீண்டும் உயிர் பெற்று மேலே போகிறான். ‘டெர்மினேட்டர்’ (1984) தொடரில் மனித இனத்தை மீட்கப்போகிறவன் ஜான் கானர். பெயரின் முதலெழுத்துகள் இயேசு கிறிஸ்துவின் ஆங்கில முதலெழுத்துகளே. அழிவு வரும் நாளுக்கு நியாயத்தீர்ப்பு நாள் என்று பெயர். ‘தி மேட்ரிக்ஸ்’ (1999) படத்தில் திரித்துவம் என்று பொருள்படும் பெயருடைய பெண், சீயோன் என்ற நகரம், நேபுகாத்நேச்சார் என்ற கலம், யூதாசைப் போல் காட்டிக்கொடுக்கும் ஒருவன் என எல்லாமே வருகின்றன. ‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014) படத்தில் புதிய கோள்களைத் தேடிப் பன்னிரண்டு பேர் அனுப்பப்பட்ட பயணத்துக்கு லாசருவின் பெயர்.

இவற்றைப் பட்டியலிடுவது எளிது. எதற்காக இவை அங்கே இருக்கின்றன, பார்ப்பவரிடம் என்ன செய்கின்றன என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். தமிழில் இந்த விவாதம் அதிகம் நடக்கவில்லை. ஆனால் நம் திரைக்கு இதில் தொடக்கம் முதலே பங்கு உண்டு என்பதால் அதை இங்கே ஒருமுறை தொகுத்துப் பார்ப்பது பயன் தரும்.

திரையே கிறிஸ்துவோடு வந்த நாடு

1905-இல் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் வாங்கினார். அந்தச் சுருள்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. கூடாரம் போட்டு ஊர் ஊராக அவர் அதைக் காட்டியபோது, தமிழ் மக்களில் பலருக்குச் சினிமா என்ற புதிய இயந்திரமும் சிலுவைப்பாடும் ஒரே மாலையில் அறிமுகமாயின. இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் பம்பாயில் தாதாசாகேப் பால்கே கிறிஸ்துவின் வாழ்க்கைப் படத்தைப் பார்த்தார். திரையில் கிறிஸ்து நகர்ந்தபோது தன் மனக்கண்ணில் கிருஷ்ணனும் ராமனும் நகர்ந்ததாக அவரே பின்னாளில் எழுதினார். 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ பிறந்தது அந்த அனுபவத்திலிருந்துதான்.

பால்கேயின் அந்த மனநகர்வு இக்கட்டுரைக்கு முக்கியம். திரையில் ஒரு சமயத்தின் உருவம் தெரிகிறது. பார்ப்பவருக்குள் வேறொரு சமயத்தின் உருவம் எழுகிறது. குறியீடுகளைப் பற்றிய மேற்கத்திய ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்த இடத்துக்கு வருவதே இல்லை.

மீட்பர் உருவைத் தேடும் வாசிப்பு

முதல் நிலைப்பாடு இறையியலாளர்களுடையது. படத்தின் நாயகன் வெளியிலிருந்து வந்தவனா, அவனைச் சுற்றிச் சீடர்கள் உண்டா, துரோகி உண்டா, பிறருக்காக உயிர் விடுகிறானா, மீண்டு எழுகிறானா என்று பார்த்து, ஆம் எனில் அவனைக் கிறிஸ்து உரு என்று வகைப்படுத்துவது இவர்களின் முறை. லாய்ட் பாவின் 1997-ஆம் ஆண்டு நூல் இதற்கு ஒரு சட்டகம் தந்தது. ஆன்டன் கார்ல் கோஸ்லோவிச் 2004-இல் இத்தகைய அடையாளங்களை 25 கூறுகளாக விரித்தார். வேற்றுக்கோள் மீட்பர் என்ற வகையையே தனியாக ஹியூ ரூப்பர்ஸ்பர்க் 1980-களிலேயே ஆராய்ந்திருந்தார். ‘இ.டி.’ (1982) இவர்கள் எல்லோருக்கும் பிடித்த சான்று: ஒளிரும் இதயம், குணமாக்கும் விரல், மரணம், மீளெழுச்சி, விண்ணேற்பு என அந்தக் குட்டி உயிரிடம் எதுவும் குறைவில்லை.

இந்த வாசிப்புக்கு வலு சேர்ப்பது, சில படங்களில் எண்ணம் ஐயமற நிரூபிக்கப்பட்டிருப்பது. 1951 படத்தின் திரைக்கதையாசிரியர் எட்மண்ட் நார்த், கிறிஸ்து ஒப்புமையைத் தாமே வைத்ததாகவும் பார்ப்பவரின் அடிமனத்தில் அது படிய வேண்டும் என்று விரும்பியதாகவும் பின்னர் ஒப்புக்கொண்டார். இயக்குநர் ராபர்ட் வைஸோ அதைப் படமாக்கும்போது உணரவே இல்லை என்றார். அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. வேற்றுக்கோளான் முழுமையாக உயிர்த்தெழுவதைத் தணிக்கை அலுவலகம் ஏற்கவில்லை. உயிரையும் சாவையும் ஆளும் அதிகாரம் எல்லாம் வல்ல ஆவிக்கே உரியது என்று அவனே சொல்லும் வசனம் அதனால் சேர்க்கப்பட்டது. குறியீட்டை எவரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது, தணிக்கையாளர் கவனித்திருக்கிறார்.

‘ரோபோகாப்’ (1987) இன்னொரு வகை. சுட்டுச் சிதைக்கப்பட்டு எந்திரமாக எழும் காவலரை அமெரிக்க இயேசு என்றே பால் வெர்ஹோவன் விளக்கினார். அவர் இயேசுவின் வரலாற்றை ஆராய்ந்த அறிஞர் குழுவில் இருந்தவர், அது பற்றி நூலும் எழுதியவர். ஆகவே அவருடைய குறியீடு பக்தியின் வெளிப்பாடு என்று கொள்வது கடினம். துப்பாக்கியோடு தண்ணீரின் மேல் நடக்கும் மீட்பரை ஒரு சமூகம் எப்படிக் கொண்டாடும் என்று அவர் கேட்கிறார்.

இந்த முறையின் பலவீனம் அதன் தாராளம். கிறிஸ்டபர் டீசி 2006-இல் இதைக் கூர்மையாகச் சுட்டினார்: எங்கும் கிறிஸ்து உருவைக் கண்டுகொண்டே போனால், அந்தக் கண்டுபிடிப்பால் படத்தைப் பற்றியும் தெரியாது, கிறிஸ்துவைப் பற்றியும் தெரியாது. சூப்பர்மேனை எடுத்துக்கொள்வோம். 1938-இல் அவனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் யூத இளைஞர்கள். அழியும் இடத்திலிருந்து காப்பாற்றச் சிறு கலத்தில் வைத்து அனுப்பப்பட்ட குழந்தை மோசேயின் சாயல் என்று பலர் வாதிடுகிறார்கள். 2013-இல் வந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ அதே நாயகனுக்கு 33 வயது கொடுத்து, தேவாலயத்தில் கெத்சமனே இயேசுவின் வண்ணக் கண்ணாடிச் சித்திரத்தின் முன் உட்கார வைத்தது. கதை ஒன்றுதான், சேர்க்கப்பட்ட அடையாளங்களைப் பொறுத்துச் சமயம் மாறியது.

எல்லாக் கதையும் ஒரு கதை என்போர்

இரண்டாம் தரப்பு, கிறிஸ்துவும் ஒரு பெரும் கதைச்சட்டகத்தின் ஒரு வடிவமே என்கிறது. 1949-இல் ஜோசப் கேம்ப்பெல் விவரித்த வீரனின் பயணம் இவர்களுக்கு அடிப்படை; ஜார்ஜ் லூகாஸ் ‘ஸ்டார் வார்ஸ்’ தொடருக்கு அதை நேரடியாகவே எடுத்துக்கொண்டார். தந்தையில்லாமல் பிறந்த அனக்கின், எங்கும் நிறைந்த ஆற்றல், குருசீட உறவு என எல்லாச் சமயத்தாரும் தம்முடையது என்று சொல்லக்கூடிய பொருள்கள் அதில் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் விளக்குகிற சட்டகம், இந்தப் படத்தில் இந்தக் குறியீடு ஏன் என்ற தனிக்கேள்விக்குப் பதில் சொல்வதில்லை.

ராபர்ட் ஜூவெட்டும் ஜான் ஷெல்டன் லாரன்சும் 1977-இல் தந்த திருத்தம் என் கணிப்பில் இந்த விவாதத்திலேயே மிகப் பயனுள்ளது. அமெரிக்கத் திரையின் கதை வேறு என்றார்கள் அவர்கள். அமைதியான ஊர், தீமை வருகிறது, நீதிமன்றமும் காவலும் அரசும் கையாலாகாமல் நிற்கின்றன, தன்னலமற்ற அந்நியன் வந்து தீமையை ஒழித்துவிட்டு மறைகிறான். மதச்சார்பற்ற உடை அணிந்த மீட்பர் கதை இது. குடிமக்கள் கூடித் தீர்க்க வேண்டியதை ஒருவன் வானத்திலிருந்து வந்து தீர்ப்பான் என்ற பழக்கத்தை இது வளர்க்கிறது என்பது அவர்களுடைய கவலை. எம்.ஜி.ஆரின் திரை உருவத்தை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 1992 நூலைப் படித்தவர்களுக்கு இந்தக் கவலை அந்நியமாகத் தோன்றாது.

மறைஞானமும் சந்தையும்

‘தி மேட்ரிக்ஸ்’ 1999-இல் ஈஸ்டர் வாரத்தில் வெளியானது. கிறிஸ்தவ வாசிப்புகள் குவிந்தன. ஃபிரான்சிஸ் ஃபிளானரி-டெய்லியும் ரேச்சல் வாக்னரும் 2001-இல் மறுத்தார்கள். அப்படத்தின் உலகப் பார்வை திருச்சபை ஏற்ற கிறிஸ்தவம் ஆகாது; பாவமன்னிப்புக்கு அங்கே இடமில்லை, அறியாமையிலிருந்து விழிப்பதே விடுதலை. ஆகவே அது பழைய ஞானவாதத்துக்கும் பௌத்தத்துக்கும் நெருக்கமானது என்பது அவர்கள் வாதம். இது சரியான கண்டிப்பு. பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதைவிட, படத்தில் மனிதனின் சிக்கல் என்ன, விடுதலை எது என்று கேட்பது நல்ல முறை.

சந்தை வாதம் சுருக்கமானது, ஆனால் கனமானது. ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ வெளியானபோது போதகர்களுக்குத் தனிக்காட்சிகள் நடத்தி, ஞாயிறு பிரசங்கத்துக்கான குறிப்புகளையும் தயாரிப்பு நிறுவனம் வழங்கியது. ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ குழந்தைகளே பிறக்காத உலகில் ஒரு குழந்தை பிறக்கும் கதை. 2006-இல் அமெரிக்காவில் அது வெளியான நாள் கிறிஸ்துமஸ். இதனால் குறியீடு பொய்யாகிவிடாது. அது யாருடைய கையில் கருவியாகிறது என்பது தெரிகிறது.

இவற்றோடு சேராத சில படங்கள் உண்டு. தார்க்கோவ்ஸ்கியின் ‘சொலாரிஸ்’ (1972) இறுதியில் விண்வெளி வீரன் தந்தையின் முன் மண்டியிடும் நிலை, ஊதாரி மகன் திரும்பியதை ரெம்பிராண்ட் தீட்டிய ஓவியத்தின் நிலை. ‘கான்டாக்ட்’ (1997) படத்தில் நம்பிக்கையற்ற விஞ்ஞானி தான் கண்டதை நிரூபிக்க வழியின்றி, கண்டேன் என்று மட்டும் சொல்லி நிற்கிறாள். சாட்சி சொல்பவரின் இடத்துக்கு அறிவியல் அவளைக் கொண்டுவந்து விடுகிறது. இங்கே குறியீடு அலங்காரமாக இல்லை, கேள்வியாகவே இருக்கிறது. கிறிஸ்தவக் குறியீடு அறிவியல் புனைவில் மிகக் கண்ணியமாகக் கையாளப்பட்ட இடங்கள் என்று இவற்றைத்தான் சொல்வேன்.

இந்தியத் திரையில் சமயம் காரணமாகும்போது

இந்தியப் படங்களுக்கு வரும்போது ஒரு வேறுபாடு கண்ணில் படுகிறது. ஹாலிவுட்டில் சமயக் குறி பெரும்பாலும் எதிரொலி. கதையின் அறிவியல் காரணம் வேறாக இருக்கும், சிலுவை அதன்மேல் நிழலாக விழும். இங்கே சமயம் பல படங்களில் கதையின் காரணமாகவே நிற்கிறது. ‘கோயி... மில் கயா’ (2003) படத்தில் வேற்றுக்கோளாரை அழைக்கக் கணினி அனுப்பும் ஒலி ஓம். ‘7ஆம் அறிவு’ (2011) படத்தில் நோய்க்கு மருந்து, போதிதர்மரின் மரபணு நினைவில் இருக்கிறது. ‘மாநாடு’ (2021) படத்தில் இஸ்லாமிய நாயகன் காலச்சுழலில் சிக்குவதற்கான விளக்கம், கலவரத்தின் நடுவே அவன் உஜ்ஜயினியின் காலபைரவர் கோயிலில் பிறந்தது. இயற்பியல் கேட்க வேண்டிய இடத்தில் தலபுராணம் பதில் சொல்கிறது. சமய ஒற்றுமைக்கான அழகிய எண்ணம் அதில் இருப்பதை மறுக்க முடியாது.

‘தசாவதாரம்’ (2008) இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கடலில் எறியப்பட்ட பெருமாள் சிலை, சிலைக்குள் வந்து சேரும் கிருமிக் குப்பி, 2004 சுனாமி ஆகியவற்றைத் தொடர்புபடுத்திவிட்டு, அது தெய்வச் செயலா தற்செயலா என்பதைப் பார்ப்பவரிடமே விடுகிறது. தமிழ் அறிவியல் புனைவில் இவ்வளவு திறந்த முடிவு அரிது.

சமயமே இல்லாத கிளையும் நமக்கு உண்டு. 1940-களில் பெரியார் ‘இனி வரும் உலகம்’ என்று எதிர்காலத்தைக் கணித்தபோது அதில் கடவுளுக்கு இடம் வைக்கவில்லை. ‘கலை அரசி’ (1963) படத்தில் வேற்றுக்கோளார் பூமியிலிருந்து எடுத்துப்போக விரும்புவது இசையை. ‘டிக் டிக் டிக்’ (2018) படத்தில் விண்கல் எண்ணூரில் விழுகிறது, அதைவிடப் பெரியது வரப்போகிறது. உலக முடிவு பற்றிய கதை, ஆனால் நியாயத்தீர்ப்பு நாளின் சாயல் ஏதும் இல்லை. இராணுவமும் ஏவுகணையும் திருட்டும்தான்.

சமயத்தையே ஆராய வேற்றுக்கோளானைப் பயன்படுத்திய முயற்சிகளும் நடந்தன. சத்யஜித் ராய் 1967-இல் எழுதிய ‘தி ஏலியன்’ திரைக்கதையில் வங்கக் கிராமத்துக் குளத்தில் விழுந்த விண்கலத்தை மக்கள் நீருக்குள்ளிருந்து எழுந்த கோயில் என்று வணங்குகிறார்கள். படம் எடுக்கப்படவில்லை. அந்த முயற்சியில் முகவராக இருந்த, இலங்கையில் வாழ்ந்த மைக் வில்சன் பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி ஆனார். ‘பிகே’ (2014) படத்தில் வேற்றுக்கோளான் தேங்காயோடு தேவாலயத்துக்குள் போய் விரட்டப்படுகிறான். இந்தியப் படத்தில் சிலுவை வெறும் பின்னணியாக இல்லாமல், எது யாருக்குரிய வழிபாடு என்ற கேள்வியின் பகுதியாக வந்த அரிய இடம் அது. மலையாளத்தின் ‘மின்னல் முரளி’ (2021) இன்னொன்று: கிறிஸ்தவத் தையல்காரன் ஒருவன் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் மின்னல் தாக்கி ஆற்றல் பெறுகிறான். அங்கே தேவாலயம் ஊரின் அன்றாட இடம். யாரும் அதைக் குறியீடாகத் தூக்கிப் பிடிக்கவில்லை.

சிலுவை இல்லாத ஆதியாகமம்

பெயர்களை மட்டும் எண்ணும் முறை எங்கே தவறும் என்பதற்கு ‘எந்திரன்’ (2010) நல்ல சான்று. அதில் கிறிஸ்தவ அடையாளம் என்று சுட்ட ஒன்றும் இல்லை. ஆனால் கதையின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். படைப்பவன் தன் சாயலில் ஓர் உயிரைப் படைக்கிறான். கடவுள் உண்டா என்று கேட்கப்படும்போது, கடவுள் என்றால் படைத்தவர் என்றால் என்னைப் படைத்தவர் இருக்கிறார், ஆகவே கடவுள் இருக்கிறார் என்று சிட்டி என்ற அந்த எந்திரம் விடை சொல்கிறது. உணர்வு ஊட்டப்பட்டபின் அது துணையை விரும்புகிறது, கீழ்ப்படிய மறுக்கிறது, படைத்தவனால் சிதைத்து எறியப்படுகிறது. மேரி ஷெல்லியின் 1818 நாவலில் தன்னை ஆதாமோடு ஒப்பிட்டு அழும் உயிரியின் வழித்தோன்றல் இது. அதன் வழியே ஆதியாகமத்தின் வழித்தோன்றலும்கூட.

இன்னும் கவனிக்க வேண்டியது, மரணத்துக்குப் பின் சிட்டி எழுந்து வருவது மீட்பராக இல்லை என்பது. சிவப்புச் சில்லோடு அது அசுரனாகத் திரும்புகிறது. கடைசியில் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பணிந்து தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. உயிர்த்தெழுதல் பேரழிவாகவும், மீட்பு என்பது தன்னைக் கலைத்துக்கொள்வதாகவும் மாறிய இந்த வடிவத்துக்கு, கிறிஸ்து உருவின் 25 கூறுகளில் எதையும் பொருத்துவது எளிதல்ல. புராணத்தின் அசுரவதமும் முழுதாகப் பொருந்தவில்லை. தமிழ்த் திரை தானே கண்டடைந்த இடம் இது என்று நினைக்கிறேன்.

எல்லைப்புறத்துப் பார்வையாளர்

விவாதத்தின் மிக மெலிந்த பகுதி பார்வையாளர் பக்கம். திருவள்ளூர் மாவட்டத்தின் பள்ளிப்பட்டு இதைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த இடம். திருத்தணியோடு சேர்ந்து அது 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லை வட்டம். அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களின் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். ஒரே படம் இங்கே பல மொழிகளில், பல சமய நினைவுகளோடு பார்க்கப்படுகிறது.

‘கல்கி 2898 ஏடி’ (2024) என்ற தெலுங்குப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தில் கருவுற்ற பெண், அந்தக் கருவைக் கைப்பற்றத் துடிக்கும் ஆட்சி, தப்பியோடும் தாய். வைணவக் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு இது தேவகியும் கம்சனும். ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறவருக்கு மரியாளும் ஏரோதும். இரண்டும் படத்துக்குப் பொருந்துகின்றன. அவள் நெருப்பில் நடக்கும்போது சீதையும் சேர்ந்துகொள்கிறாள். தெலுங்கில் ஏ. பீம்சிங் இயக்கிய ‘கருணாமயுடு’ (1978) இயேசுவின் கதையை நம் புராணப் படங்களின் நடையில் சொன்னதால் ஊர் ஊராக நற்செய்திக் கூட்டங்களில் காட்டப்பட்டது. அந்தப் படத்தைத் திறந்தவெளியில் பார்த்த தலைமுறை, ‘டெர்மினேட்டர்’ அல்லது ‘மேட்ரிக்ஸ்’ தமிழிலோ தெலுங்கிலோ பேசும்போது யாரைப் பார்த்தது? பால்கேயின் மனக்கண் இங்கே எதிர்த்திசையிலும் வேலை செய்திருக்கக்கூடும்.

தீராதவை

குறியீடு இருக்கிறதா என்ற கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது, இருக்கிறது. அதை வைத்தவர் எண்ணம் சில படங்களில் தெளிவு, பலவற்றில் ஊகம். கிறிஸ்து உரு வாசிப்பு தனியாக நின்றால் போதாது. ஜூவெட்-லாரன்ஸ் எழுப்பிய அரசியல் கேள்வியோடும், விடுதலை என்று படம் எதைச் சொல்கிறது என்ற கேள்வியோடும் சேரும்போதே அது ஆய்வாகிறது. இந்தியப் படங்களில் சமயம் காரணமாக நிற்பது புராணப் பட மரபின் தொடர்ச்சியா, அல்லது அறிவியல் விளக்கத்தில் எழுத்தாளர்களுக்கு இன்னும் கைவராத நம்பிக்கையா என்பது முடிவாகவில்லை. இரண்டாவதற்கே நான் சற்று அதிக இடம் தருவேன். ஆனால் ‘எந்திரன்’ போன்ற படத்தை வைத்து அதை மறுக்கவும் முடியும்.

பார்வையாளர் பற்றிய கேள்விக்கு நூலகத்தில் விடை கிடைக்காது. மொழிமாற்றுப் படங்களின் தமிழ், தெலுங்கு வசனப் படிகளைத் திரட்ட வேண்டும்; மீட்பர், தீர்ப்பு நாள், பேழை போன்ற இடங்களில் வசனகர்த்தாக்கள் எதைத் தேர்ந்தார்கள் என்று ஒப்பிட வேண்டும். பள்ளிப்பட்டு, கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களில் மூத்த ரசிகர்களிடமும் திரையரங்க ஊழியர்களிடமும் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகங்களின் சமயவியல் துறைகளும் ஊடகவியல் துறைகளும் சேர்ந்து இதைக் கையில் எடுக்க வேண்டும். அந்த முதல் தலைமுறைப் பார்வையாளர்கள் இருக்கும்போதே எடுக்க வேண்டும்.